டூ வாக் இன்விசிபிள்: ப்ரான்டே சகோதரிங்க நிஜமாவே பயந்துதான் பேரை மாத்திக்கிட்டாங்களா?

டூ வாக் இன்விசிபிள் பார்த்துட்டு நீங்க கேட்டது மூணு விஷயம். பொம்பளைங்க எழுதக்கூடாதுன்ற தடைக்குப் பயந்துதான் அந்த மூணு பேரும் ஆம்பளைப் பேர் வெச்சுக்கிட்டாங்களான்றது ஒண்ணு. பெத்த அப்பாவுக்கே தெரியாம புக் போட்டது நிஜமான்றது ரெண்டு. எழுதுற பொண்ணுங்களைப் பத்தின படத்துல எதுக்கு அந்த வீட்டுக் குடிகாரப் பையன் பிரான்வெல்லுக்கு பாதி நேரத்தைக் குடுத்தாங்கன்றது மூணு. மூணாவதை கொஞ்சம் சலிப்போடதான் கேட்டிருக்கீங்க, ஆனா எனக்கென்னமோ மொத்த விஷயமும் அதுக்குள்ளதான் இருக்குனு தோணுது, அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன், மத்த ரெண்டும் போற வழில வந்துடும்.

பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரி. 2016 டிசம்பர் கடைசில பிபிசில வந்த ரெண்டு மணி நேரப் படம் இது, எழுதி டைரக்ட் பண்ணது சாலி வெயின்ரைட், ஹாப்பி வேலின்ற டிவி சீரியல் எழுதினவங்க, அவங்களும் யார்க்‌ஷயர்காரங்கதான். சார்லட், எமிலி, ஆன்னு இங்கிலீஷ் நாவல் எழுதின ப்ரான்டே அக்கா தங்கச்சிங்க மூணு பேரும் 1845லேருந்து 1848 வரைக்கும், அதாவது கையில ஒண்ணுமே இல்லாத நிலைமைலேருந்து லண்டன் முழுக்க இவங்க யாருனு தேடுற நிலைமைக்கு வந்த அந்த மூணு வருஷம்தான் கதை. (குடும்பப் பேரை தமிழ்ல ப்ராண்டினு எழுதினா பிரான்வெல்லுக்கு மட்டும்தான் பொருத்தமா இருக்கும், அதனால ப்ரான்டேனே வெச்சுக்கறேன்.)

வீட்டு நிலவரம் இதுதான். அப்பா பேட்ரிக், அயர்லாந்துல ஏழைக் குடும்பத்துல பிறந்து படிப்பு ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு கேம்பிரிட்ஜ் வரைக்கும் போன ஆளு, 1820லேருந்து யார்க்‌ஷயர்ல ஹாவர்த்னு மலை மேல இருக்கற ஒரு ஊர்ல பாதிரியார். அம்மா 1821ல இறந்துட்டாங்க. ஆறு பிள்ளைங்க. மூத்த பொண்ணுங்க ரெண்டு பேரும், அவங்களுக்கு அடுத்து சார்லட்டும் எமிலியும், பாதிரியார் பொண்ணுங்களுக்குனு நடத்தின ஒரு ஹாஸ்டல் ஸ்கூலுக்குப் போனாங்க, மூத்தவங்க ரெண்டு பேரும் 1825ல டிபி வந்து ஒரு மாச இடைவெளில செத்துப்போனாங்க. பின்னாடி சார்லட் எழுதின ஜேன் ஐயர் நாவல்ல வர்ற அந்தக் கொடுமையான ஸ்கூல் அங்கேருந்து வந்ததுதான். மிஞ்சின நாலு பேர்ல பையன் ஒருத்தன், பிரான்வெல். அவனை மட்டும் ஸ்கூலுக்கு அனுப்பல, அப்பாவே வீட்டுல உக்கார வெச்சு லத்தீன், கிரேக்கம் சொல்லிக் குடுத்தார்.

இங்க ஒண்ணு கவனிக்கணும், பேட்ரிக் கொடுமைக்கார அப்பா எல்லாம் இல்ல. பொண்ணுங்க எதை வேணா படிக்கலாம், பைரன் கூட படிச்சாங்க, பேப்பர் படிச்சு அரசியல் பேசினாங்க, அந்தக் காலத்துக்கு அது ரொம்பப் பெரிய விஷயம். 1826ல அவர் லீட்ஸ் போயிட்டு பையனுக்கு 12 மரப் பொம்மை சிப்பாய் வாங்கிட்டு வந்தார். பையனுக்குத்தான் வாங்கினார், ஆனா நாலு பேரும் ஆளுக்கொண்ணு எடுத்துப் பேர் வெச்சு, அதுங்களுக்கு ஊர் கட்டி, ராஜ்ஜியம் கட்டி, அந்தப் பொம்மைங்க படிக்கிற சைஸுக்கு தீப்பெட்டி அளவுல குட்டிப் புத்தகம் தச்சு, பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தாதான் தெரியற எழுத்துல கதை எழுத ஆரம்பிச்சாங்க. படத்துல குழந்தைங்க தலைல நெருப்புக் கிரீடம் எரியறாப்ல ஒரு காட்சி வருதே, அது இதுதான். எழுதறது அந்த வீட்டுல யாருக்கும் தடை இல்ல. சார்லட்டும் பிரான்வெல்லும் கிட்டத்தட்ட பார்ட்னர் மாதிரி சேர்ந்து பல வருஷம் எழுதினாங்க.

தடை எங்க வந்ததுன்னா, வளர்ந்ததும் யாரோட எழுத்தை நம்பி வீடு காத்திருக்கும்ன்ற இடத்துல வந்தது. ஒரே ஆம்பளைப் புள்ள, அவன் தலையெடுத்தா குடும்பம் கரையேறிடும். நம்ம வீடுங்கள்ல கேக்காத வசனமா இது? அப்பா போயிட்டா வீடும் போயிடும், ஏன்னா அது சர்ச்சோட வீடு. பையன் ஓவியனாவான்னு ப்ராட்ஃபோர்டுல ஸ்டுடியோ வெச்சுக் குடுத்தாங்க, சரிப்படல. ரயில்வேல கிளார்க் வேலைக்குப் போனான், கணக்குல 11 பவுண்டுக்கு மேல துண்டு விழுந்து 1842ல வேலை போச்சு, அவன் திருடல, ஆனா பார்க்கவேண்டிய கணக்கைப் பார்க்கல. அப்புறம் ஆன் வேலை பார்த்துட்டிருந்த பணக்கார வீட்டுலயே அவனுக்கும் பையனுக்குப் பாடம் சொல்லித்தர வேலை கிடைச்சது. ஆன் சிபாரிசுலதான் போனான். ஒரே வீடு, ஒரே மாதிரி வேலை, ஆனுக்கு வருஷத்துக்கு 40 பவுண்ட், அவனுக்கு 80. அவ அனுபவசாலி, அவன் புதுசு. அங்கேருந்தும் 1845 ஜூலைல, வீட்டு எஜமானியம்மாவோட உறவுனு சொல்லி, துரத்திவிட்டாங்க. படம் சரியா இங்கதான் தொடங்குது.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்கள்ல முதல்ல அச்சுல வந்தது பிரான்வெல்தான். 1841லேருந்தே ஹாலிஃபேக்ஸ் பேப்பர்ல கவிதை வந்துட்டிருந்தது, அவனும் புனைபேர்லதான் எழுதினான். திறமை இல்லாதவன்னு தள்ளிட முடியாது. வீட்டோட மொத்த எதிர்பார்ப்பையும் ஒரு ஆள் தலைல ஏத்தி வெச்சதுல அவனும்தான் நசுங்கினான்னு படம் சொல்லுது, அது எனக்குப் பிடிச்சிருந்தது.

சின்ன ஒரு தமிழ்ப் பிரச்சனை, இங்கிலீஷ்ல பிரதர்னு ஒரே வார்த்தைல முடிஞ்சுடுது, ஆனா அவன் சார்லட்டுக்கு ஒரு வயசு சின்னவன், தம்பி, எமிலிக்கும் ஆனுக்கும் அண்ணன். இதை மனசுல வெச்சுக்கிட்டு ரெண்டாவது தடவை பாருங்க. சார்லட்டுக்கு அவன் மேல வர்ற வெறுப்பு சாதாரண வெறுப்பு இல்ல, கூட சேர்ந்து ஒரு உலகத்தையே உருவாக்கின தம்பி இப்டி ஆயிட்டானேன்ற அக்காவோட கோவம். எமிலி நடுராத்திரி அவனைத் தோள்ல தாங்கிக் கூட்டிட்டு வர்றது வேற மாதிரி பாசம். கடைசி வருஷங்கள்ல சார்லட் அவன்கூட சரியா முகம் குடுத்தே பேசலன்றது நிஜம்தான்.

சரி, பொண்ணுங்களுக்கு என்ன வழி இருந்தது? கவர்னஸ் வேலை ஒண்ணுதான். பணக்கார வீட்டுல தங்கி பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லணும், துணி தைக்கணும், வேலைக்காரங்களோடயும் உக்கார முடியாது, வீட்டுக்காரங்களோடயும் உக்கார முடியாது. சார்லட்டுக்கு 1841ல ஒரு வீட்டுல வருஷச் சம்பளம் 20 பவுண்ட், அதுல துணி துவைக்கிற செலவுக்கு 4 பவுண்ட் பிடிச்சுக்கிட்டா மிச்சம் 16. அதுக்கு முன்னாடி, இருபது வயசுல, அரசவைக் கவிஞரா இருந்த ராபர்ட் சௌதிக்கு கவிதை அனுப்பி அபிப்ராயம் கேட்டா. 1837ல பதில் வந்தது, இலக்கியம் ஒரு பொண்ணோட வாழ்க்கைத் தொழிலா இருக்க முடியாது, இருக்கவும் கூடாதுனு. இந்த வரியைத்தான் எல்லாரும் எடுத்துப் போடுவாங்க, ஆனா அவர் அதே லெட்டர்ல திறமை இருக்குனு ஒத்துக்கிட்டு கவிதையை கவிதைக்காக எழுதுனும் சொல்லியிருந்தார். என்னைக் கேட்டா அதுதான் இன்னும் மோசம், வில்லனா இருந்தா திட்டிட்டுப் போயிடலாம், அன்பா சொல்ற ஆளை என்ன பண்றது. சார்லட் அந்தக் கடிதத்து உறைமேல, எப்பவும் வெச்சிருக்கவேண்டிய அறிவுரைனு எழுதி பத்திரப்படுத்தினா. அதே வருஷம் பிரான்வெல் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்குத் தன் கவிதையை அனுப்பினான், அவர் பதிலே போடல.

அப்புறம் சொந்தமா ஸ்கூல் வெக்கலாம்னு சார்லட்டும் எமிலியும் 1842ல பிரஸ்ஸல்ஸ் போய் ஃபிரெஞ்ச் படிச்சாங்க, 1844ல ஹாவர்த் வீட்டுலயே ஸ்கூல்னு நோட்டீஸ் அடிச்சாங்க, வருஷக் கட்டணம் 35 பவுண்ட், ஒரு பிள்ளை கூட வந்து சேரல. அந்தக் குளிர்ல, இடுகாட்டை ஒட்டின வீட்டுக்கு எவன் பொண்ணை அனுப்புவான். இது மிகைப்படுத்தல் இல்ல, வீட்டு வாசலுக்கு எதிர்லயே கல்லறைத் தோட்டம், 1850ல சுகாதார இன்ஸ்பெக்டர் பாபேஜ் வந்து பார்த்துட்டு எழுதின ரிப்போர்ட்ல அந்த ஊர்ல சராசரியா மனுஷன் சாகற வயசு 25 சொச்சம்னு இருக்கு, பத்துல நாலு குழந்தை ஆறு வயசைத் தாண்டல. படத்துல சேறும் இருட்டுமா இருக்கேன்னு சிலர் குறை சொன்னாங்க, எனக்கு அது போதாதுன்னே தோணிச்சு.

இப்ப அந்த நோட்புக் சீன். 1845 இலையுதிர் காலம், சார்லட் கண்ணுல எமிலி கவிதை எழுதி வெச்சிருந்த நோட்டு படுது. தற்செயலாப் பார்த்தேன்னு பின்னாடி எழுதினா, படத்துல அது அவ்ளோ தற்செயலா இல்ல, நான் படத்தைத்தான் நம்பறேன். எமிலி கொதிச்சுட்டா. அவளை சமாதானம் பண்ண மணிக்கணக்காச்சு, அச்சுல போட சம்மதிக்க வெக்க நாள்கணக்காச்சுனு சார்லட்டே சொல்லியிருக்கா. இந்தக் களேபரத்துக்கு நடுவுல ஆன் சத்தமில்லாம போய் தன்னோட கவிதையும் கொண்டுவந்து, எமிலியோடது பிடிச்சிருந்தா இதையும் பாருன்னு நீட்டினா. எனக்கு ஆனை ரொம்பப் பிடிக்க இந்த ஒரு விஷயமே போதும்.

உங்க முதல் கேள்விக்கு இங்கதான் பதில். மூணு பேரும் தங்களோட முதல் எழுத்தை மட்டும் வெச்சுக்கிட்டு கர்ரர், எல்லிஸ், ஆக்டன்னு பேர் எடுத்து, பெல்னு ஒரே குடும்பப் பேர் போட்டுக்கிட்டாங்க. இதுங்க முழு ஆம்பளைப் பேர் கிடையாது, வேணும்னேதான் அப்டி எடுத்தாங்க. அப்பட்டமா ஆம்பளைப் பேர் வெக்கறது பொய் சொல்ற மாதிரி ஆயிடும்னு மனசு உறுத்திச்சாம், பாதிரியார் வீட்டுப் பிள்ளைங்க இல்லையா. பொண்ணுங்க எழுதறதுக்கு அன்னிக்குச் சட்டத்துல தடையும் இல்ல, மரியா எட்ஜ்வொர்த் மாதிரி சொந்தப் பேர்ல எழுதி நல்லா வித்தவங்க இருந்தாங்க. அப்புறம் என்ன பயம்னா, சார்லட் 1850ல ஒரு குறிப்புல சொல்றா: எழுதறது பொம்பளைனு தெரிஞ்சா விமர்சகருங்க தண்டிக்கறதுக்கு ஆளோட சொந்த விஷயத்தை ஆயுதமா எடுக்கறாங்க, பரிசு குடுக்கறதுன்னா முகஸ்துதி பண்றாங்க, ரெண்டுமே உண்மையான பாராட்டு இல்லனு. அடிக்கறதுக்கு மட்டும் பயப்படல பாருங்க, பரவால்லயே ஒரு பொண்ணு இவ்ளோ எழுதியிருக்கேன்ற அந்த சலுகை மார்க்கும் வேணாம்னு சொல்றா. படத்துல இந்த ரெண்டாவது பாதி அவ்ளோ அழுத்தமா வரல, எனக்கு அது ஒரு குறை.

சரி, புக் போட காசு? பெரியம்மா காசு. எலிசபெத் பிரான்வெல், செத்துப்போன அம்மாவோட அக்கா, தங்கச்சி பிள்ளைங்களை வளர்க்கணும்னே தெற்குக் கோடில இருக்கற பென்சான்ஸ்லேருந்து இந்தக் குளிருக்கு வந்து இருபது வருஷம் இருந்துட்டு 1842ல இறந்தவங்க. உயில்ல என்ன எழுதியிருந்தாங்கன்னா, பணம் பூரா பொண்ணுங்களுக்கு, இந்த மூணு பேருக்கும் பென்சான்ஸ்ல இருந்த இன்னொரு அக்கா தங்கச்சி மகளுக்கும். பையனுக்கு ஒரு அலங்காரப் பெட்டி. பையன் எப்டியும் சம்பாதிப்பான், பொண்ணுங்களுக்குத்தான் வேணும்ன்ற கணக்கு. ஆளுக்கு கிட்டத்தட்ட 300 பவுண்ட் வந்தது, ரயில்வே ஷேர்ல போட்டாங்க, அதைப் பார்த்துக்கிட்டது எமிலி, ஆமா அதே எமிலிதான், மூர்னு சொல்ற அந்தப் பொட்டல் மேட்டுல நாயோட சுத்திட்டிருந்த எமிலி. இந்தப் பணம் இல்லன்னா கர்ரர் பெல்லும் இல்ல, யாரும் இல்ல. வீடு பூரா பையனையே பார்த்துட்டிருந்தப்போ அந்தம்மா மட்டும் வேற பக்கம் பார்த்திருக்காங்கன்னு எனக்குத் தோணும். அவங்களைப் பத்தி ஒரு படம் எடுத்தா முதல் ஆளா பார்ப்பேன்.

1846 மே மாசம் கவிதைப் புக் வந்தது, சொந்தக் காசு போட்டு அடிச்சது. ஒரு வருஷத்துல ரெண்டே காப்பி வித்தது. ரெண்டு ஆயிரம் இல்ல, ரெண்டு. மிச்சத்துல சிலதை டென்னிசன், வேர்ட்ஸ்வொர்த்துக்கெல்லாம் அனுப்பினாங்க, எங்க பதிப்பாளர் ஒரு வருஷத்துல ரெண்டு காப்பி வித்திருக்கார், அந்த ரெண்டையும் அவர் என்ன பாடுபட்டு தள்ளிவிட்டாரோ அவருக்குத்தான் வெளிச்சம்ன்ற தொனில ஒரு லெட்டரோட. இந்த ஹ்யூமர் யாருக்கும் தெரியறதில்ல, எல்லாரும் இவங்களை எப்பவும் இருமிக்கிட்டே ஜன்னல் வழியா வெறிச்சுப் பார்க்கறவங்களாவே நினைச்சுட்டிருக்காங்க.

அதுக்குள்ள ஆளுக்கொரு நாவல் முடிச்சிருந்தாங்க. ராத்திரி அப்பா தூங்கப் போனதும் சாப்பாட்டு மேசையைச் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டே எழுதினதைப் படிச்சுக் காட்டிப் பேசறது அவங்க வழக்கம். எமிலியோட வதரிங் ஹைட்ஸும் ஆனோட ஆக்னஸ் க்ரேயும் நியூபின்ற ஒரு பதிப்பாளர் எடுத்துக்கிட்டார், 50 பவுண்ட் நீங்க கட்டணும்னு கண்டிஷன் போட்டு. சார்லட்டோட நாவல் எங்கயும் போணியாகல. ஒவ்வொரு கம்பெனிலேருந்தும் பார்சல் திரும்பி வரும், அவ அதே பேப்பர்ல பழைய கம்பெனி பேரை மட்டும் அடிச்சுட்டு அடுத்த பேரை எழுதி அனுப்புவா. கடைசில ஸ்மித் எல்டர் கம்பெனிக்குப் போனப்போ அந்த உறைமேல யார் யாரெல்லாம் ஏற்கெனவே வேணாம்னு சொன்னாங்கன்ற லிஸ்ட்டே இருந்தது. இந்த விஷயம் அவ வாழ்க்கை வரலாறு எழுதின எலிசபெத் கேஸ்கெல் சொன்னது. அப்பாவியா, இல்ல பேப்பர் மிச்சம் பிடிக்கற பழக்கமா, தெரியல, ஆனா அந்தக் கம்பெனிக்காரங்களும் அந்த நாவலை எடுக்கல. ஏன் எடுக்கலன்னு மரியாதையா விளக்கி, மூணு வால்யூம்ல வேற ஏதாவது இருந்தா அனுப்புங்கன்னு எழுதினாங்க. அவ கையில அது ரெடியா இருந்தது. முந்தின வருஷம், 1846 ஆகஸ்ட்ல, அப்பாவுக்கு மான்செஸ்டர்ல கண்புரை ஆபரேஷன், மயக்க மருந்து எல்லாம் கிடையாது அப்போ, இருட்டு ரூம்ல அப்பா கண்ணைக் கட்டிப் படுத்திருக்க பக்கத்துல இவ பல்வலியோட உக்காந்து ஆரம்பிச்சதுதான் ஜேன் ஐயர். 1847 அக்டோபர்ல வெளிவந்தது. ஓனர் ஜார்ஜ் ஸ்மித் கையெழுத்துப் பிரதியை ஒரு ஞாயித்துக்கிழமை காலைல எடுத்தவர், படுக்கறதுக்குள்ள முடிச்சுட்டார், போட்டிருந்த பிளானையெல்லாம் கேன்சல் பண்ணிட்டு.

(காலேஜ்ல நான் இதைப் படிச்சுட்டு அம்மாகிட்ட கதை சொன்னேன், பாதிலயே அம்மா, இது சாந்தி நிலையம்டா, மாடில பைத்தியம் இருக்கும் பாருன்னுட்டாங்க. 1969ல வந்த அந்த ஜெமினி கணேசன் - காஞ்சனா படம் ஜேன் ஐயரைத் தழுவினதுதான். ஹாவர்த்ல ஆரம்பிச்ச கதை எங்க வீட்டுக்கு அம்மா வழியா முன்னாடியே வந்திருந்திருக்கு.)

ரெண்டாவது கேள்வி, அப்பாவுக்குத் தெரியாதான்றது. நிஜமாவே தெரியாது. தபால்காரர் கர்ரர் பெல்னு யாருங்கனு கேட்டதுக்கு, அப்டி ஒருத்தரும் நம்ம ஊர்ல இல்லியேன்னு பேட்ரிக் சொன்னதா கேஸ்கெல் எழுதியிருக்காங்க. நாவல் நல்லா ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஒருநாள் சார்லட் ஒரு காப்பியையும் விமர்சனத்தையும் எடுத்துக்கிட்டு அப்பா ரூமுக்குப் போறா. அப்பா நான் ஒரு புக் எழுதியிருக்கேன்றா. அப்டியாம்மான்றார். நீங்க படிக்கணும்ன்றா. உன் கையெழுத்து என் கண்ணுக்கு சிரமமாச்சேன்றார். இல்லப்பா அச்சடிச்சதுன்றா. உடனே அவருக்கு வந்த கவலை என்ன தெரியுமா, ஐயோ எவ்ளோ செலவு, நஷ்டமாயிடுமே, உன் பேரே யாருக்கும் தெரியாதேம்மான்றதுதான். அன்னிக்கு சாயங்காலம் டீ குடிக்க வந்தப்போ மத்த ரெண்டு பேர்கிட்டயும் சொல்றார், சார்லட் புக் எழுதியிருக்கா தெரியுமா, நான் நினைச்சதைவிட எவ்ளவோ நல்லா இருக்குனு. மத்த ரெண்டு பேரும் அந்த நேரத்துல மூஞ்சியை எப்டி வெச்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அப்பாவா வர்ற ஜொனாதன் ப்ரைஸ் அந்த இடத்துல நடிச்சிருக்கறதுக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

பிரான்வெல்லுக்கு கடைசி வரைக்கும் தெரியாதுனு அவன் செத்த பிறகு சார்லட் எழுதினா, தங்கச்சி அக்காங்க ஒரு வரி அச்சுல போட்டதுகூட அவனுக்குத் தெரியாது, தெரிஞ்சா தன் வாழ்க்கை வீணாப் போச்சேன்ற வேதனை தாங்கமாட்டான்னு சொல்லலன்னு. ஒரே வீட்டுல புக்கும் லெட்டரும் பார்சலுமா வந்துட்டிருந்தது, தெரியாமலா இருக்கும்னு கேக்கறவங்க இருக்காங்க, நியாயமான கேள்விதான். ஆனா அவங்க சொல்லல, அதுல சந்தேகமில்ல. இப்ப உங்க மூணாவது கேள்வியைத் திரும்பப் பாருங்க. வீட்டுல யார் எழுத்தாளனா ஆகணும்னு எல்லாரும் காத்திருந்தாங்களோ அவன் மாடில குடிச்சுட்டுக் கிடக்கான், கீழ மூணு பேர் இங்கிலீஷ்ல இன்னிக்கும் படிக்கிற நாவலுங்களை எழுதிட்டிருக்காங்க, அவன் மனசு நோகுமேன்னு அதை அவன்கிட்ட மறைக்கவும் வேண்டியிருக்கு. அவனை வெட்டிட்டு இந்தப் படத்தை எடுத்தா பொண்ணுங்க ஏதோ காத்துல உக்காந்து எழுதின மாதிரி ஆயிடும். அவன் சத்தத்துக்கு நடுவுலதான் எழுதினாங்க.

விமர்சனம் வந்ததும் சார்லட் பயந்தது அப்டியே நடந்தது. பெல் ஆம்பளையா பொம்பளையா, மூணு பேரா ஒருத்தரான்னு ஒரே பட்டிமன்றம். 1848 டிசம்பர்ல குவார்ட்டர்லி ரிவ்யூல வந்த விமர்சனம், இதை எழுதினது பொம்பளையா இருந்தா மத்த பொம்பளைங்க சேர்த்துக்காத ஆளாத்தான் இருக்கணும்ன்ற அர்த்தத்துல போச்சு, அதை எழுதினதும் எலிசபெத் ரிக்பின்ற ஒரு பொம்பளைதான், அவங்களும் பேர் போடாமதான் எழுதினாங்க. இன்னொரு பத்திரிகை இதை ஆம்பளை எழுதியிருந்தா பாராட்டலாம், பொம்பளைன்னா அருவருப்புன்ற மாதிரி எழுதினதுக்கு சார்லட், உங்களுக்கு நான் ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, எழுத்தாளர், அந்த ஒண்ணை வெச்சு மட்டும்தான் என்னை எடைபோட உங்களுக்கு உரிமைன்னு லெட்டர்ல கொட்டித் தீர்த்தா. படத்தோட தலைப்பும் அவ லெட்டர்தான், கண்ணுக்குத் தெரியாம நடமாடற வசதியை எந்த எழுத்தாளர் வேணாம்னு சொல்வார்னு 1848 ஜனவரில எழுதினா. ஒளிஞ்சிருக்கறதைக் கஷ்டமா சொல்லல பாருங்க, வசதின்றா.

அந்த வசதிக்கும் ஆறே மாசம்தான். நியூபி இருக்காரே, ஆனோட ரெண்டாவது நாவல் தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால் 1848 ஜூன்ல போட்டுட்டு, அமெரிக்காவுல இது ஜேன் ஐயர் எழுதினவரோட புது நாவல்னு வித்துட்டார். அங்க ஏற்கெனவே சார்லட்டோட அடுத்த நாவலுக்கு வேற கம்பெனி பேசி வெச்சிருந்தது, ஸ்மித் எல்டர்லேருந்து என்ன இதுனு லெட்டர் வந்துடுச்சு. நேர்மையில்லனு ஒரு பேர் வந்துடக்கூடாதேன்னு அன்னிக்கே சார்லட்டும் ஆனும் கிளம்பி, புயல் மழைல கீத்லி ஸ்டேஷனுக்கு நடந்துபோய், ராத்திரி ரயில் பிடிச்சு, காலைல லண்டன். கார்ன்ஹில் 65ம் நம்பர் ஆபீஸ். கருப்பு டிரெஸ்ல கண்ணாடி போட்ட குட்டிப் பொண்ணு ஒருத்தி ஜார்ஜ் ஸ்மித் கையில ஒரு லெட்டரைக் குடுக்கறா. அவர் கர்ரர் பெல்லுக்கு எழுதின லெட்டர். இது உங்களுக்கு எப்டி கிடைச்சதுனு கேக்கறார். போஸ்ட்ல, என் பேருக்குத்தான் வந்ததுன்றா. படத்துல எனக்குப் பிடிச்ச சீன் இது. அன்னிக்கு ராத்திரியே அந்த மனுஷன் ரெண்டு பேரையும் ஊர்லேருந்து போட்டுட்டு வந்த துணியோட ஆபெராவுக்குக் கூட்டிட்டுப் போனார், யாராவது கேட்டா மிஸ் ப்ரவுன்னு சொல்லிக்கலாம்னு ஏற்பாடு.

எமிலி வரல. நாங்க மூணு அக்கா தங்கச்சினு சார்லட் வாய் தவறிச் சொல்லிட்டா, அதுக்கு எமிலி போட்ட சண்டைல, எல்லிஸ் பெல்னு தவிர வேற பேர்ல அவளைக் குறிப்பிடாதீங்கனு சார்லட் கம்பெனிக்கு லெட்டர் போடவேண்டியதாச்சு. அதுக்கப்புறம் எல்லாம் ரொம்ப வேகம். 1848 செப்டம்பர்ல பிரான்வெல், டிசம்பர்ல எமிலி, அவளுக்கு 30 வயசு, 1849 மே மாசம் ஸ்கார்பரோ கடற்கரை ஊர்ல ஆன், 29. ஒன்பது மாசத்துக்குள்ள மூணு பேர். படம் பிரான்வெல் சாவோட கிட்டத்தட்ட நிறுத்திக்குது, மீதியை எழுத்துல போட்டுட்டு நேரா இன்னிக்கு இருக்கற மியூசியத்துக்குப் போயிடுது. பலருக்கு அது பிடிக்கல, எனக்குப் பிடிச்சது, மூணு சாவையும் காட்டியிருந்தா ஒரே அழுகைப் படமா ஆகியிருக்கும்.

ஆனா படம் நிறுத்தின இடத்துக்கு அப்புறம் நடந்த ஒண்ணு எனக்கு முள்ளாக் குத்தும். ஆனோட டெனன்ட்தான் மூணு பேர் எழுதினதுலயே துணிச்சலானது. குடிகாரப் புருஷன்கிட்டேருந்து பிள்ளையைத் தூக்கிட்டு ஓடிவந்து, பேரை மாத்திக்கிட்டு, படம் வரைஞ்சு வித்துப் பிழைக்கிற பொண்ணோட கதை. அன்னிக்குச் சட்டப்படி கல்யாணமானவ சம்பாதிக்கிற காசு புருஷனோடது, அது மாறத் தொடங்கினதே 1870ல வந்த சட்டத்துலதான், அப்டின்னா கதைல அவ வித்த படத்துக் காசுகூட அவளோடது இல்ல. புக் நல்லா வித்தது, ரெண்டாவது பதிப்பும் உடனே வந்தது, அதுக்கு ஆன் எழுதின முன்னுரைல, புக் நல்லா இருந்தா எழுதினது ஆணா பெண்ணான்றது ஒரு விஷயமே இல்லனு நிதானமா எழுதி வெச்சா. அவ செத்த அடுத்த வருஷம், 1850ல, தங்கச்சிங்க புக்கை மறுபதிப்பு போடலாம்னு கம்பெனி கேட்டப்போ, டெனன்ட்டை மட்டும் சார்லட் வேணாம்னுட்டா, அந்த விஷயத்தை எடுத்ததே தப்பு, காப்பாத்தி வெக்கவேண்டிய அவசியம் இல்லன்னு. பிரான்வெல்லை அவ்ளோ கிட்டத்துல பார்த்தவ எழுதின குடிகாரன், சார்லட்டால தாங்கிக்க முடியலயோ என்னமோ. எந்த சௌதியும் எந்த விமர்சகரும் பண்ணாததை சொந்த அக்கா பண்ணா, ஆன் பேர் பல வருஷம் மத்த ரெண்டு பேர் நிழல்லயே கிடந்தது.

அதனால படம் பார்த்த சூட்டுல எதைப் படிக்கலாம்னு நீங்க யோசிச்சா, நான் டெனன்ட்டைத்தான் சொல்வேன். வாங்கறதுக்கு முன்னாடி முதல் பக்கத்தைப் பாருங்க, 1854ல ஒரு கம்பெனி இதை ஒரே வால்யூம்ல அடக்கறதுக்காக அங்கங்க வெட்டிப் போட்டுச்சு, அந்த வெட்டுன வடிவம் ரொம்ப காலம் சுத்திட்டிருந்தது. முழு நாவல், ஹால்ஃபோர்ட்னு ஒரு ஃப்ரெண்டுக்கு எழுதற லெட்டரோட ஆரம்பிக்கும். அந்த லெட்டர் இல்லாம நேரா 1827 இலையுதிர் காலத்துக்கு வாங்கனு ஆரம்பிச்சா அது வெட்டுன பதிப்பு, வாங்காதீங்க.